இல்லாத காற்று

மீமூன் ஜப்பான் மொழியில் வாயைத் திறந்தால் ஜப்பான்காரர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் பதில் சொல்வார்கள். ஆள் ஆறடி. முகத்தில் பாதியை மூடுகிற மீசை. தாடையில் கோவேறு கழுதை உதைத்த தழும்பு. அப்படிப்பட்டவன், "அய்யோ, பாத்து வைங்கம்மா காலை, ஈரமா இருக்கு பாருங்க" என்று அறுபது வயதுப் பெண்மணி மாதிரி பேசினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பாவம், அவன் மேல் குற்றமில்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவன் அதைப் படிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழுதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் மலைகளில் நடந்தவன். நடக்க முடியாத ஜப்பான் அம்மாமார்கள் கழுதை மேல் ஏறிக்கொள்வார்கள். ஏறினால் பேச்சு, இறங்குகிற வரை பேச்சு. மருமகள் உப்பு குறைவாகப் போடுகிறாள், பக்கத்து வீட்டுக்காரன் பூனை வளர்க்கிறான், இந்த முட்டி இனி தேறாது. மீமூன் கேட்பான், திருப்பிச் சொல்லிப் பார்ப்பான், அவர்கள் திருத்துவார்கள். அப்படிச் சேர்ந்ததுதான் அவன் மொழி.

அந்த அம்மாமார்கள் ஊருக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. மீசை வைத்த அந்த ஆள்தான் எங்களுக்கு வேண்டும் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார்கள். மராக்கெஷ் நகரத்தில் இருந்த ஏஜென்சி விழித்துக்கொண்டு மீமூனை வழிகாட்டிப் பரீட்சைக்கு அனுப்பியது. ஒரு தரம் கோட்டை விட்டான், மறு தரம் தேறினான். கழுத்தில் அட்டை தொங்கியது. எங்கள் பள்ளத்தாக்கின் மற்ற வழிகாட்டிகள் அவனுக்கு 'ஜப்பான் அத்தை' என்று பெயர் வைத்தார்கள். பொறாமைதான், வேறென்ன.

ஆனால் அட்டை தொங்கினாலும் அவன் முழு வழிகாட்டி ஆகவில்லை. ஒஸாகாவிலிருந்து ஆட்களை அனுப்புகிற கம்பெனி எப்போதும் தன் சொந்த மலையேறியையும் கூடவே அனுப்பிவிடும். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று முடிவெடுப்பது அந்த ஆள். அதைக் கழுதைக்காரர்களுக்கும் சமையல்காரனுக்கும் பேச்சாக மாற்றுவது மீமூன். இந்த ஜூன் மாதத்தில்தான் கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மலையேறியை நிறுத்திவிட்டு, மூன்று வருடத்துக்கு எல்லாக் கூட்டத்தையும் மீமூனிடமே விட்டால் என்ன? சோதித்துப் பார்க்க எட்டுப் பேரை அனுப்பினார்கள். அவர்களை அழைத்து வந்த பயணத் தலைவி ஹயாஸே என்ற அம்மாள். அந்த அம்மாள் எழுதப்போகும் அறிக்கையில்தான் எல்லாம் இருந்தது. நல்லபடியாக எழுதினால் மீமூன் வழிகாட்டி, இல்லாவிட்டால் காலம் முழுக்க அடுத்தவன் முடிவை மொழிபெயர்க்கிற வாய்.

ஹயாஸே ஐம்பதைத் தாண்டியவர், ஒடிசலான உடம்பு. தினமும் சாயங்காலம் சாப்பாட்டுக் கூடாரத்தின் வாசலில் ஒரு காகிதம் குத்தி வைப்பார். அதில் மூன்று வரி. எழுந்திருக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம், கிளம்புகிற நேரம். எட்டுப் பேரும் வந்து அதைத் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஆறரைக்குக் கிளம்பவேண்டும் என்றால் ஆறு இருபத்தெட்டுக்கு எட்டுப் பேரும் முதுகுப்பையோடு வரிசையில் நிற்பார்கள். சமையல்காரன் ஹம்மு, மீமூனின் மனைவிக்குத் தம்பி, இதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனான்.

"ரொட்டி வேகறதுக்கும் ஒரு நேரம் இருக்கு மச்சான். அது கடிகாரம் பாத்து வேகாது" என்று தினமும் புலம்பினான்.

எட்டுப் பேரில் மூத்தவர் தெராவோகா. எழுபத்தோரு வயது. முப்பத்தெட்டு வருடம் ரயில் ஓட்டியவர். வேலையில் படிந்த பழக்கம் இன்னும் போகவில்லை. எதைக் கடந்தாலும் கையுறை போட்ட விரலை நீட்டி வாய்விட்டுச் சொல்வார். "பாலம், சரி!" "ஓடை, சரி!" "இடது பக்கம் கழுதை, சரி!" ஹம்முவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. தேநீர்க் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கும்போதெல்லாம் அவனும் விரலை நீட்டிக் கத்துவான். கிழவர் கைதட்டுவார்.

நான்காம் நாள் கணவாயைத் தாண்டி தர்க்கெதித் மேட்டுச் சமவெளிக்கு வந்தார்கள். மறுநாள் மெகூன் மலை ஏறவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்ததே. கணவாய்க்குக் கீழே ஓர் ஓடை. தெராவோகா அதைக் கடந்தார். விரல் நீளவில்லை. கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. மத்தியானம் ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்ததையும் மீமூன் பார்த்தான். நடை லேசாகத் தள்ளாடியது.

"நல்லா இருக்கீங்களாய்யா?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கேன், நன்றி" என்று சிரித்தார்.

மற்ற ஏழு பேரும் பார்க்காமல் இல்லை. எல்லோரும் அவரவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

உயரம் ஏற ஏற வருகிற மலைத் தலைவலி என்றால் என்ன என்று மீமூனுக்குத் தெரியும். இரண்டு பேரைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி இறக்கியவன். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கிழவரை அன்றைக்கே கீழே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் ஜப்பான்காரர்களுக்குக் கூட்டத்துக்குப் பாரமாக இருப்பது தலைவலியைவிடப் பெரிய நோவு. எங்கள் மலைக்காரர்களுக்கோ வீட்டுக்கு வந்த விருந்தாளியை விரல் நீட்டி 'உன்னால் முடியாது' என்று சொல்வதைவிடக் கேவலம் கிடையாது. இந்த இரண்டும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்? ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள், எல்லோரும் சேர்ந்து மலை ஏறுவார்கள்.

ஹம்முவோடு உட்கார்ந்து கேரட் சீவும்போது மீமூனுக்கு அந்த யோசனை வந்தது.

"நாளைக்கு மேல போகவேண்டாம்னு சொல்லப்போறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"காத்து."

ஹம்மு விரலை நக்கி உயர்த்திப் பார்த்தான். "எந்தக் காத்து மச்சான்? பானைலேருந்து ஆவி நேரா மேல போகுது பாரு."

"இங்க இல்ல. முகட்டுல."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

ஹம்மு கத்தியைக் கீழே வைத்தான். "பெரியவருக்கு முடியலைன்னா பெரியவர்கிட்ட சொல்லு. மலை மேல ஏன் பழியைப் போடற? அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"உனக்கு அவங்களைத் தெரியாதுடா. ஒருத்தரால ஏழு பேர் போக முடியலைன்னு ஆச்சுன்னா அந்த மனுஷன் கூனிக் குறுகிப் போயிடுவாரு. அப்புறம் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் வாயே திறக்க மாட்டாரு."

"தனியாக் கூப்பிட்டுக் கேளேன்."

"கேட்டா 'நல்லா இருக்கேன்'னுதான் சொல்வாரு. அவங்க எப்ப என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். நீ கேரட்டை நறுக்கு."

சாப்பாட்டின்போது மீமூன் எழுந்து நின்றான். தனக்குத் தெரிந்த மிக மரியாதையான வார்த்தைகளை எல்லாம் பொறுக்கியெடுத்துச் சொன்னான். மேலே பெருங்காற்று அடிக்கப்போகிறது, நாளை ஏறுவது ஆபத்து, பக்கத்துச் சுனைகளைப் பார்த்துவிட்டு ஓய்வெடுக்கலாம், மறுநாள் இறங்கிவிடலாம். மிதானி என்ற அம்மாள் மட்டும் கூடார வாசல் வழியே மலையை எட்டிப் பார்த்தார். அந்த மலைக்காக ஒரு வருடமாக வீட்டு மாடிப்படியில் தினமும் ஏறி இறங்கியவர் அவர். "மலை வேண்டாம்னா வேண்டாம்தான்" என்று சொல்லித் தலைகுனிந்தார். எட்டுப் பேரும் தலைகுனிந்தார்கள். ஒருவர் முகமும் சிவக்கவில்லை, ஒருவர் மனமும் நோகவில்லை. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு மீமூன் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. காற்றாவது ஒன்றாவது! கூடாரத் துணிகூட அசையவில்லை. மீமூன் சுனைகளைக் காட்டினான், ஆடுகளைக் காட்டினான், கல்லில் ஒட்டியிருந்த பாசியைக்கூட விட்டுவைக்கவில்லை. யாரும் மலைப் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

மத்தியானம் ஒரு மணிக்கு மலையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ஆறு பேர் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கி வந்தார்கள். விடிகாலையில் ஏறினவர்கள். அவர்களில் ஒரு பெண் தலையில் அகலமான வைக்கோல் தொப்பி வைத்திருந்தாள். கயிறுகூடக் கட்டவில்லை. சும்மா தலையில் உட்கார்ந்திருந்தது அந்தத் தொப்பி. ஜப்பான்காரர்கள் எட்டுப் பேரும், ஹயாஸேயும், அந்தத் தொப்பியைப் பார்த்தார்கள்.

போதாததற்கு அவர்களுடைய வழிகாட்டி இச்சு தூரத்திலிருந்தே கத்தினான். "டேய் ஜப்பான் அத்தை! என்னடா, உன் கூட்டத்தைக் கட்டிப் போட்டு வெச்சிருக்க? மேல போய்ப் பாரு, மெழுகுவத்தி ஏத்தி வெச்சாலும் அணையாது!"

அது எங்கள் மலைப் பாஷையில் சொன்னது, ஜப்பான்காரர்களுக்குப் புரிந்திருக்காது. புரியவும் தேவையில்லை, தொப்பியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

ஹயாஸே அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ஜப்பான் மரியாதைப்படி பெயரோடு 'ஸான்' சேர்த்துக் கேட்டார்.

"மீமூன் ஸான், மேல காத்து இருந்துச்சா?"

இருந்தது என்று சாதிக்க முடியாது. இல்லை, கிழவருக்காகச் சொன்னேன் என்றால் கிழவர் மாட்டிக்கொள்வார். மீமூன் இடுப்பு வரை குனிந்தான். "என் கணிப்பு தப்பாயிடுச்சு. மன்னிக்கணும்."

"நேத்து எதை வெச்சுக் கணிச்சீங்க?"

மீமூன் காலடியில் கிடந்த கல்லை நகர்த்தினான்.

"காத்துதானா? இல்ல வேற ஏதாவதா?"

"காத்துதான்."

ஹயாஸே குறிப்பேட்டைத் திறந்து ஏதோ எழுதினார். எழுதி முடித்து மூடியபின், அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க எங்க பேச்சை ரொம்ப நல்லாப் பேசறீங்க. அதனாலதான் நேத்து நீங்க சொன்னதை நான் ஒரு கேள்வியும் கேக்காம நம்பிட்டேன்."

அடித்திருந்தால்கூட மீமூனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. சமையல் கூடாரத்துக்குள் போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான். ஹம்மு அவன் முகத்தைப் பார்த்ததும், "போச்சா?" என்றான். "போச்சு" என்றான் மீமூன்.

சாயங்காலம் தெராவோகா ஆள் அனுப்பினார். சுனைக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

"உக்காருங்க. எனக்காகத்தானே அந்தக் காத்து?"

மீமூன் தரையைப் பார்த்தான்.

"நேத்து சாயங்காலம் படுத்துக்கிட்டே ஒரு வாக்கியம் தயார் பண்ணினேன்" என்றார் கிழவர். "'என்னால முடியல. நான் இங்கயே இருக்கேன், நீங்க எல்லாம் போயிட்டு வாங்க.' அவ்வளவுதான். ஆறு தடவை சொல்லிப் பாத்தேன். இந்த வயசுல முதல் தடவையா என்னால முடியலைன்னு சொல்லப்போறேன், வாயில வரணுமே. அதுக்குத் தெம்பு வரட்டும்னுதான் சாப்பிட வந்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க எழுந்து நின்னு காத்துன்னுட்டீங்க."

"உங்களுக்கு அவமானமாயிடுமேன்னு நெனச்சேன்யா."

"அவமானம் என்னோடது. அதைச் சுமக்க எனக்குத் தெரியும்." குரல் உயரவில்லை, ஆனால் கோபம் இருந்தது. "முப்பத்தெட்டு வருஷம் ரயில் ஓட்டினவன் நான். சிவப்புன்னா சிவப்பு காட்டணும். என் மேல பிரியம் இருக்குன்னு ஒருத்தன் கலரை மாத்திக் காட்டினா, அன்னைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருப்பேன். எனக்காக ஏழு பேரு மலையை விட்டுட்டாங்க. எதுக்கு விட்டோம்னுகூட அவங்களுக்குத் தெரியாது. இதுல எனக்கு என்ன மரியாதை மிச்சம் இருக்கு, சொல்லுங்க?"

மீமூன் சுனை நீரில் கையை விட்டு எடுத்தான்.

"எங்க பேச்சு இவ்வளவு தெரிஞ்சவரு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் கிழவர்.

கேட்டேனே என்று சொல்ல வாயெடுத்தான். கேட்டது எப்படிப்பட்ட கேள்வி என்பது அவனுக்கே தெரியும். பதிலை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. இத்தனை வருடமாக அவன் ஜப்பான்காரர்களிடம் அப்படித்தான் கேட்டு வந்திருக்கிறான். வெட்கத்தில் காது மடலெல்லாம் சுட்டது.

"இப்ப கேக்கறேன்யா. எப்படி இருக்கு உங்களுக்கு?"

"தலை பிளக்குது. காலைலேருந்து ரெண்டு தடவை வாந்தி. கீழ போகணும்."

"இப்பவே கழுதையைக் கட்டச் சொல்றேன்."

"நாளைக்குப் போறேன். முதல்ல என் வாக்கியத்தை நான் சொல்லணும்." பிடிவாதக்காரக் கிழவர். மீமூன் மாத்திரை கொடுத்து, எதிரிலேயே நின்று அவரைத் தண்ணீர் குடிக்க வைத்தான்.

சாப்பாட்டுக் கூடாரத்தில் தெராவோகா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். தயார் செய்த வாக்கியத்தை அப்படியே சொன்னார். குரல் ஒரே ஓர் இடத்தில் தடுமாறியது. சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சூப்புக் கிண்ணத்திலிருந்து எழுந்த ஆவியையே எல்லோரும் பார்த்தார்கள்.

அப்போது ஸுகாவா என்ற வங்கிக்காரர், இருப்பதிலேயே நல்ல உடம்பு அவருக்குத்தான் என்று மீமூன் நினைத்திருந்தவர், கையை உயர்த்தினார். "நானும்தான். மூணு நாளா ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. இன்னைக்கு மலை ஏறியிருந்தா என்ன ஆயிருக்குமோ." அடுத்து ஒரு கணவன் மனைவி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவனுக்குத் தலை சுற்றுகிறதாம், மனைவிக்கு மூச்சு முட்டுகிறதாம், அவளுடையது அவனுக்குத் தெரியுமாம், ஆனால் அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாதாம். என்ன ஜனங்களப்பா! எட்டில் நாலு பேர் முடியாதவர்கள். மீமூன் கண்டுபிடித்தது அதில் ஒருவரை. மௌனத்தைப் படிக்கத் தெரியும் என்று மார்தட்டியவன் அவன்.

"நான் நல்லா இருக்கேன். நிஜமாவே நல்லாத்தான் இருக்கேன். இப்ப இதை யாரு நம்புவாங்க?" என்றார் மிதானி அம்மாள், அழாத குறையாக. கூடாரமே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் மீமூன் எழுந்தான். "காத்துன்னு நேத்து சொன்னேனே, அப்படி எதுவும் இல்ல. நான் பொய் சொன்னேன். உங்க மலையை நான்தான் பறிச்சேன்." அதே அத்தைக் குரல்தான், அதே குழைவுதான். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

ஹயாஸே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இதை அறிக்கையில எழுதுவேன். நடந்தது நடந்தபடியே எழுதுவேன்" என்றார். பிறகு முடிவைச் சொன்னார். பயணத்தில் ஒரு நாள் உபரியாக வைத்திருக்கிறது, அதை நாளைக்கு எடுத்துக்கொள்வோம். முடிந்த நாலு பேர் அவரோடும் மீமூனோடும் மேலே போகவேண்டும். முடியாத நாலு பேர் ஹம்முவோடு கீழே இறங்கவேண்டும். எல்லோருக்கும் சம்மதம். வழக்கம்போல் காகிதத்தைக் குத்தி வைத்துவிட்டு அந்த அம்மாள் வெளியே போனார். வழக்கம்போல் எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மீமூனுக்கு ஜப்பான் எழுத்து படிக்க வராது. எண் படிக்க வரும். காகிதத்தைப் பார்த்தான். முதல் வரி நாலரை, இரண்டாவது ஆறு, மூன்றாவது ஐந்தரை. அப்படியென்றால் கிளம்பி அரை மணி கழித்துச் சாப்பாடு! எட்டுப் பேரும் இதைப் பார்த்திருக்கிறார்கள், அப்படியே எழுதியிருக்கிறார்கள், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஹயாஸே நேரத்தில் தவறு செய்வாரா? சூரியன் மேற்கில் உதித்தாலும் செய்யமாட்டார்.

ஹம்முவைக் கூப்பிட்டுக் காட்டினான். ஹம்மு தலையில் அடித்துக்கொண்டான்.

"தெரியும் மச்சான் உன் மூஞ்சியைப் பாத்தா. அவங்ககிட்ட போய் உங்களுக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்கப்போற. ஏற்கெனவே உன்னைப் பொய்க்காரன்னு எழுதி வெச்சிருக்காங்க. பேனா அவங்க கையில இருக்கு. பேசாம இரு."

"பேசாம இருந்துதானே இவ்வளவும் ஆச்சு" என்று சொல்லிவிட்டு மீமூன் போனான்.

வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஹயாஸே கழுதைகள் கட்டியிருந்த இடத்துக்குப் பின்னால், யாரும் பார்க்க முடியாதபடி நின்றுகொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"நல்லா இருக்கேன், நன்றி" என்றார் ஹயாஸே, சிரித்தபடி.

மற்ற நாளாயிருந்தால் மீமூன் குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பியிருப்பான். இன்றைக்கு நின்றான். "மறுபடியும் கேக்கறேன். எப்படி இருக்கீங்க?"

சிரிப்பு போய்விட்டது. "மீமூன் ஸான், நான் இந்தக் கூட்டத்தோட தலைவி."

"தெரியும்மா. நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?"

"அஞ்சரைக்கு."

"சாப்பாடு?"

"ஆறு மணிக்கு" என்றார். சொன்ன பிறகு அப்படியே நின்றார். உதடுகள் எதையோ கணக்குப் போட்டன. பிறகு கல்லின் மேல் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"நேத்துலேருந்து" என்றார் கைக்குள்ளிருந்தே. "வாந்தி. காலைல காலணிக் கயிறு கட்ட முடியல, அரை மணி நேரம் ஆச்சு. இருபத்தாறு வருஷமா இந்த வேலை செய்யறேன். எல்லாரையும் நான்தான் கேப்பேன். என்னை யாரும் கேட்டதில்ல."

அந்த அம்மாள் அழுதார். தண்ணீர் கொடுத்தான், மாத்திரை கொடுத்தான், எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"நீங்களும் கீழ போகணும்மா."

"போனா நாலு பேரும் போக முடியாது. பயணத் தலைவி இல்லாம யாரும் மலை ஏறக் கூடாது. கம்பெனி விதி." மூக்கைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தார். "என் பொறுப்பை எழுதிக் கொடுக்கலாம், அதுக்கு விதியில இடம் இருக்கு. ஆனா நேத்துதான் என்கிட்ட பொய் சொன்னீங்க. நாலு உயிரை உங்ககிட்ட எப்படி விடறது?"

தன்னை நம்புங்கள் என்று சொல்ல மீமூனுக்கு வாய் வரவில்லை.

"நாளைக்குக் காத்து இருக்குமா?" என்று கேட்டார் ஹயாஸே.

இருக்காது என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. விருந்தாளிக்குப் பிடித்த பதில் அதுதான். "தெரியாதும்மா" என்றான். இத்தனை வருடத்தில் ஒரு ஜப்பான்காரரிடமும் அவன் சொல்லாத வார்த்தை. "முகட்டுக்கு அடியில போய் நின்னாதான் தெரியும். அடிச்சா அங்கேருந்தே திருப்பிடுவேன். மிதானி அம்மா அழுதாலும் திருப்பிடுவேன்."

ஹயாஸே எழுந்து தன் கூடாரத்துக்குப் போனார்.

விடிந்தது. அடுப்பில் புகை வருவதற்கு முன்பே ஹம்மு கீழே இறங்குகிறவர்களுக்கு இரண்டு கழுதைகளுக்குச் சேணம் போட்டு நிறுத்தினான். தெராவோகாவை ஒன்றில் ஏற்றினான். இன்னொன்று ஹயாஸேக்கு என்று மீமூன் நேற்றே சொல்லியிருந்தான், ஏறுவாரா மாட்டாரா என்று அவனுக்குத் தெரியாது. மேலே போகிற நாலு பேரும் முதுகுப்பையோடு ஒரு பக்கம் நின்றார்கள். போகிறோமா இல்லையா என்று அவர்களுக்கும் தெரியாது.

ஹயாஸே கூடாரத்திலிருந்து வந்தார். முகம் வீங்கியிருந்தது. எல்லோர் முன்னாலும் நின்று, தனக்கு உடம்பு முடியவில்லை என்றும் தான் இறங்குவதாகவும் சொல்லிக் குனிந்தார். மிதானி அம்மாளின் தோள் தொங்கிப்போயிற்று. பிறகு ஹயாஸே மீமூனிடம் வந்து சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு பட்டியல். நாலு பேரின் பெயர், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண். அடியில் ஒரு கட்டத்தில் எதையோ கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாகப் பேனாவால் எழுதியிருந்தது.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"உங்க பேரு" என்றார் ஹயாஸே. "பொறுப்பாளர்னு இருக்கற கட்டத்துல."

மீமூன் அந்தக் கட்டத்தைப் பார்த்தான். தன் பெயர் ஜப்பான் எழுத்தில் எப்படி இருக்கும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. கண் கலங்கியதை மறைக்க அவன் முயலவில்லை. ஹயாஸே கழுதையில் ஏற ஹம்மு கை கொடுத்தான்.

மீமூன் உறையை நெஞ்சுப் பையில் வைத்து நாலு பேர் பக்கம் திரும்பினான். முதல் ஆளிடம் போய்க் கேட்டான், நின்று பதிலைக் கேட்டான். இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள். கடைசியில் மிதானி அம்மாள்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"நல்லா இருக்..." என்று தொடங்கிய அந்த அம்மாள் நிறுத்தினார். மலையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இடது குதிகால்ல காலணி உரசுது. நேத்துலேருந்து."

"எங்க, காட்டுங்க" என்று மீமூன் குனிந்தான்.